தட்டு மாற்றிய அன்று நைனா எங்கே இருந்தார்?

மணி பதினொன்று பத்து. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருமுனையையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அரக்கு நிறப் பட்டுப் புடவை. தலையில் நாலு முழம் மல்லிகை பின்கழுத்தை இழுக்கிறது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட உள்ளே இறங்கவில்லை.

கூடத்தில் மாப்பிள்ளை வீட்டார் பதினெட்டுப் பேர் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். கொடுத்த கேசரியும் காபியும் தீர்ந்து, பேசுவதற்கு வைத்திருந்த பேச்சும் தீர்ந்துவிட்டது. மின்விசிறி மட்டும் சத்தம் போடுகிறது.

எல்லாரும் இருக்கிறார்கள். தட்டு மாற்ற வேண்டிய என் அப்பாவைத்தான் காணவில்லை.

பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் பிறந்துவிடும். அதற்குள் பெண்ணைப் பெற்றவரும் பிள்ளையைப் பெற்றவரும் எதிரெதிரே உட்கார்ந்து தாம்பூலத் தட்டை மாற்றிக்கொண்டாக வேண்டும். இல்லாவிட்டால் வேறொரு நாள் பார்க்க வேண்டும். அந்த வேறொரு நாள் வருமா என்பதே சந்தேகம் என்று மாப்பிள்ளையின் பெரியப்பா முகம் சொன்னது. அவர் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, உங்க ஊட்டுக்காரரு வருவாரா, மாட்டாரா? சொல்லிட்டீங்கன்னா நாங்க பாட்டுக்குக் கெளம்பிகினே இருப்போம்" என்றார் அம்மாவிடம்.

"இதோ வந்துகினே கீறாருங்க. ஸ்டேஷன் தாண்டிட்டாராம்" என்றாள் அம்மா.

பச்சைப் பொய். அவர் எங்கே இருக்கிறார் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. போன் போட்டால் வேறொரு அழைப்பில் இருப்பதாகவே பதில் வந்தது. என் தம்பி பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் சைக்கிளை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போய்வந்தான்.

அன்று காலை ஏழு மணிக்கு ஒரு போன் வந்தது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு தயாராக நின்றிருந்தவர், எங்கள் முகத்தைப் பார்க்காமல் செருப்பை மாட்டினார். "அரை மணி நேரம்மா. போய்க்கினு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவருடைய அரை மணி நேரத்தை எனக்கு நன்றாகத் தெரியும்.

கேட்டில் ஒரு ஹவில்தார்

இந்தத் தொடரில் அவரைப் பற்றி அங்கங்கே சொல்லியிருக்கிறேன். நைனா என்று எழுதினால் யார் என்று சிலர் கேட்கிறார்கள். அப்பாதான். எங்கள் கவரைப்பேட்டையிலிருந்து ஆந்திரா எல்லை ரொம்பத் தூரமில்லை. எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

அவருடைய அப்பா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர். நைனா பதினெட்டு வயதில் ராணுவத்துக்குப் போனார். இருபது வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டு ஹவில்தாராகத் திரும்பி வந்தபோது ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டியும், மாடிப்படி ஏறினால் வலிக்கிற ஒரு முட்டியும், சரளமான இந்தியும் கொண்டுவந்தார். பெட்டியில் அம்மா அரிசி கொட்டி வைத்தாள். முட்டியை யாரும் கண்டுகொள்ளவில்லை. இந்திதான் எங்களைப் படுத்தி எடுத்தது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்புக் கம்பி ஆலையின் கேட்டில் அவருக்குக் காவல் வேலை கிடைத்தது. உள்ளே வேலை செய்தவர்களில் பாதிப் பேர் பீகார் பக்கத்து ஆட்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, சூப்பர்வைசர்களுக்கு இந்தி தெரியாது. காய்ச்சலா, அடியா, போலீஸா, ஊரில் தங்கைக்குக் கல்யாணமா, எதுவானாலும் கேட்டுக்கு வந்து ஹவில்தார் சாபைத் தேடுவார்கள். கொஞ்ச நாளில் பக்கத்து ஆலைக்காரர்களும் தேடினார்கள். யார் கூப்பிட்டாலும் போவார்.

கொடுக்கிற விஷயத்தில் அவருக்கு நிதானமே கிடையாது. குறைந்த விலைக்குச் சாமான் தரும் ராணுவ கேன்டீன் கார்டு எங்கள் வீட்டுடையது என்று பெயர். அதில் வந்த குக்கர், ஃபேன், சூட்கேஸ் எல்லாம் தெருவில் யார் யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ போயின. எங்கள் வீட்டுக்கு ஷேவிங் கிரீம் வந்தது. நான் ஒன்பதாவது படிக்கும்போது என் சைக்கிளைத் தூக்கி, கூடக் காவல் பார்த்தவரின் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார். "அந்தப் பொண்ணு ஸ்கூலு நாலு கிலோமீட்டரும்மா. உன் ஸ்கூலுக்கு ட்ரெயின் கீதே" என்றார். நான் இரண்டு நாள் பேசவில்லை. அவர் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

அதற்காக வீட்டைக் கவனிக்காதவர் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் பள்ளிச் சீருடைக்கு அவர் இஸ்திரி போட்டால் மடிப்பு சாயங்காலம்வரை நிற்கும். எனக்குத் தலை பின்னிவிடுவார், கண் மேலே இழுத்துக்கொள்ளும் அளவுக்கு இறுக்கமாக. ஞாயிற்றுக்கிழமை கறி அவர் கைச் சமையல்தான். வீட்டில் இருக்கும்போது ஒரு குறையும் வைத்ததில்லை. இருக்கும்போது என்பதுதான் எங்கள் பிரச்சினை.

பாதி ரொட்டி

இதைச் சொல்லாமல் அன்றைய கதையைச் சொல்ல முடியாது. சிப்காட்டில் எங்காவது விபத்து நடந்து யாராவது இறந்துபோனால், அந்தச் செய்தியை ஊருக்குச் சொல்வதும் நைனாவின் வேலையாகிவிட்டது. யாரும் கொடுத்த வேலை இல்லை. ஒரு முறை ஒரு கான்ட்ராக்டர் ஆள் போனில் ஒரே வரியில் விஷயத்தைச் சொல்லிவிட்டுக் கட் பண்ணியதைப் பார்த்தாராம். அதற்குப் பிறகு யாரையும் விடவில்லை.

அவருக்குச் சோறு கொண்டுபோகும்போது நானே இரண்டு முறை அதைப் பார்த்திருக்கிறேன். நாற்காலியை நிழலுக்கு இழுத்துப் போடுவார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார். போனில் முதலில் "கானா காயா?" என்பார். சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். அடுத்து, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்பார். சாப்பிடவில்லை என்று சொன்னால், சாப்பிடுங்கள், அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிடுவார். அவர்கள் சாப்பிட்டு முடிக்கிறவரை அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பிறகுதான் விஷயம்.

"இன்னா நைனா இது? சாவு சேதி சொல்றதுக்கு முன்னாடி சாப்டியான்னு கேக்குற?" என்றேன் ஒரு நாள்.

"கேட்டப்புறம் ரெண்டு நாளிக்கு எவன்மா துன்னுவான்?" என்றார்.

பிறகு கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார். அவருடைய அம்மா இறந்தபோது அவர் பனிமலையில் ஏதோ ஒரு முகாமில் இருந்தார். சாப்பாட்டு வரிசை. தூரத்துக் கூடாரத்திலிருந்து ஒருவன் கையைக் குவித்து, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, உன் அம்மா போய்விட்டாளாம் என்று கத்தினான்.

"கைல பாதி ரொட்டி. அத்த இன்னா பண்றதுன்னு தெர்லம்மா. கீழ போடவும் மன்சு வர்ல, துன்னவும் முடில. கோட்டு பாக்கெட்ல வச்சிகினேன். ஊரு வந்து சேர்றவரிக்கும் அது பாக்கெட்லயே இருந்துச்சு."

இதை எழுதும்போதே இரண்டு தடவை எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டு வந்தேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை.

பதினொன்று நாற்பது

வந்தார். முட்டி வலியை மறந்து தெருவில் பாதி ஓட்டமாக வந்தார். கூடத்துக்குள் நுழைந்து எல்லாருக்கும் கும்பிடு போட்டார். கும்பிட்ட கையில், முழங்கைக்குக் கீழே, வெள்ளைச் சட்டையில் உள்ளங்கை அகலத்துக்குக் காய்ந்த ரத்தம்.

மாப்பிள்ளையின் அம்மா அதைப் பார்த்துவிட்டார்.

"இன்னாங்க இது? நல்ல காரியத்துக்கு ரத்தக் கறையோட வந்து நிக்கிறீங்க?"

"மன்னிச்சிக்கோங்கம்மா. ஆலையில ஒரு பையனுக்கு அடி. பொன்னேரி ஆஸ்பத்திரில சேத்துட்டு வரேன். ரெண்டு நிமிசம், சட்டைய மாத்திகினு வந்துர்றேன்."

அவருடைய நல்ல சட்டை அது ஒன்றுதான். அம்மாவின் தம்பி, என் மாமா, தன் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு பனியனோடு கொல்லைப்புறம் போய் நின்றுகொண்டார். மாமா ஒல்லி. என் நிச்சயதார்த்தப் போட்டோவில் நைனாவின் வயிற்றுப் பொத்தான் தெறித்துவிடும்போல நிற்கும். என் கணவர் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

உள்ளறையில் அவர் அந்தச் சட்டைக்குள் கையை நுழைக்கப் போராடிக்கொண்டிருந்தார். நான் கதவைச் சாத்தினேன். இரண்டு மணி நேரமாகத் தொண்டையில் நின்றது வெளியே வந்தது.

"ஊரான் புள்ளைங்களுக்கெல்லாம் அப்பனா கீறியே, எங்களுக்கு அப்பனா இருக்கறதுக்கு உனக்கு எப்ப நைனா லீவு குடுப்பாங்க?"

கை அப்படியே நின்றது. அவர் ராணுவத்தில் இருந்த காலமெல்லாம் எங்கள் வீட்டில் அதிகம் புழங்கிய சொல் லீவுதான். அம்மா காலண்டரில் அவர் லீவு நாளைத்தான் எண்ணுவாள். அது தெரிந்தேதான் அந்தச் சொல்லை எடுத்தேன். நன்றாக வலிக்க வேண்டும் என்று நினைத்தேன், வலித்தது.

அவர் கோபப்படவில்லை. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நாஷ்டா துன்னியாம்மா?" என்றார்.

முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் பொத்தானைப் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தார். பன்னிரண்டுக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது தட்டு மாறியது.

ஞாயிறு ஒன்பது மணி

அன்று அடிபட்டவன் பெயர் உமேஷ். வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. கூட வேலை செய்த கைலாஷ் என்பவன் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துவிட்டான். இதெல்லாம் இரண்டு நாள் கழித்துத்தான் என் காதுக்கு வந்தது. நைனா என்னிடம் வாயே திறக்கவில்லை.

உமேஷைப் பொன்னேரியிலிருந்து சென்னைக்கு மாற்றினார்கள். நைனா வாரத்துக்கு இரண்டு நாள் போய்வந்தார். என் கல்யாணத்துக்கென்று கேன்டீனில் வாங்கி வைத்திருந்த கம்பளியை அவன் தோளில் போர்த்தி ரயிலேற்றி அனுப்பினார். கம்பளி போனதற்கும் சேர்த்து எனக்கு அவன்மேல் கோபம். ரயிலேறும்போது அவனுக்கு ஓர் உத்தரவு போட்டாராம். ஒவ்வொரு ஞாயிறும் காலை ஒன்பது மணிக்கு ரிப்போர்ட் செய்ய வேண்டும்.

செய்தான். பத்துப் பன்னிரண்டு வருஷமாக ஒரு ஞாயிறு தவறவில்லை. "உமேஷ் ஹாஜிர், சாப்!" என்று, உமேஷ் ஆஜர் ஐயா என்று, அவன் கத்துவது அடுப்படிவரை கேட்கும். ஊரில் பெட்டிக்கடை வைத்தது, கல்யாணம், பெண் குழந்தை பிறந்தது, அந்தக் குழந்தைக்குப் பல் முளைத்தது, எல்லாம் நைனா சொல்லி எங்களுக்குத் தெரியும். நான் வீட்டுக்குப் போயிருக்கும் ஞாயிறுகளில்கூட ஒன்பது மணி ஆனால் நைனா அவனுடையவர். எனக்குப் பொறாமை. இந்த வயதில் அதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

அன்று நான் சொன்னதைப் பற்றி நாங்கள் இரண்டு பேருமே பிறகு பேசவில்லை. ஒரு நாள் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று இருந்தேன். தீபாவளிக்குப் போகும்போது, பொங்கலுக்குப் போகும்போது என்று தள்ளிக்கொண்டே வந்தேன். ஆள் எங்கே போகப்போகிறார் என்ற மெத்தனம்.

போன மாதம் ஒரு மத்தியானம், கடைக்குப் போய்விட்டு வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். அம்மா சொம்போடு வருவதற்குள் முடிந்துவிட்டது.

எனக்குத் திருவள்ளூரில் வீடு. காக்களூர் எஸ்டேட்டில் ஒரு வால்வு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. சாப்பாட்டு வேளையில் டிபன் பாக்ஸைத் திறந்து இரண்டு வாய் சாப்பிட்டிருப்பேன். தம்பி போன் செய்தான். "அக்கா, நைனா பூட்டாருக்கா." பாவம், அவன் வேறு எப்படிச் சொல்லுவான்?

கையில் பிசைந்த சோறு. அதை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. பெரியபாளையம் பஸ்ஸில் உட்கார்ந்தபோதும் விரல்களில் காய்ந்துபோய் ஒட்டிக்கொண்டிருந்தது.

அம்மா சொன்னது

காரியம் முடிந்து கிளம்பும்போது நைனாவின் பட்டன் போனை நான் எடுத்து வந்தேன். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் மேல் வைத்து நாள் தவறாமல் சார்ஜ் போட்டேன். எதற்கு என்று கணவர் கேட்டார். எனக்கே தெரியாதபோது அவருக்கு என்ன சொல்ல?

இறந்த வாரத்து ஞாயிறு, நான் அம்மா வீட்டில் இருக்கும்போதே, ஒன்பது மணிக்கு அது அடித்தது. எடுக்கவில்லை. அடுத்த ஞாயிறும் அடித்தது. மூன்றாவது ஞாயிறு நாலு முறை அடித்தது. நான் மாடிக்குப் போய்த் துணி காயப்போட்டேன். அம்மாவுக்கும் தம்பிக்கும் இந்தி வராது. எனக்கு ஏதோ அரைகுறை. சொல்ல வேண்டியவள் நான்தான் என்று தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை. அவனிடம் சொல்லிவிட்டால் அப்புறம் நைனாவைத் தேட உலகத்தில் யாரும் மிச்சமில்லை என்று தோன்றியது.

அந்த வாரம் அம்மாவைப் பார்க்கப் போனபோது இதைச் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"எடுத்து சொல்லிடுடி. அந்தப் புள்ள பேஜாராயி கெடக்கும்" என்றாள். கீரையைத் தள்ளி வைத்துவிட்டு, "உன் நிச்சயத்தன்னிக்கு அவரு ஏன் லேட்டுன்னு தெரியுமா உனக்கு?" என்றாள்.

"தெரியுமே. இவன ஆஸ்பத்திரில சேக்கப் போனாரு."

"அது ஒம்பது மணிக்கே முடிஞ்சி போச்சி. செத்தானே இன்னொரு பையன், அவன் ஊட்டு நம்பரு இந்த உமேஷுக்குத்தான் தெரியுமாம். அவன் கட்டிலாண்ட நின்னுகினே போன் போட்டாரு. அந்தப் பையனோட அம்மா இப்பதான் வயல்லேர்ந்து வந்தேன், இன்னும் சாப்டலன்னுச்சாம். சாப்டுங்க, அப்பறம் கூப்புடறேன்னு வச்சிட்டாரு. மறுபடி போட்டா, உல வச்சிகீறேன்னுச்சாம். மறுபடியும் வச்சிட்டாரு. அதுக்கப்பறம் லைனே கெடைக்கல. போட்டுகினே இருந்துகீறாரு. லைன் கெடச்சி, துன்னுட்டேன்னு அந்தம்மா சொல்லி, இவரு சேதிய சொல்றவரிக்கும் அங்கியேதான் நின்னுகினு இருந்தாரு."

நான் ஜன்னலில் நின்ற அந்த நேரம் முழுக்க.

"ஏம்மா, இத்தினி வருசமா ஏன் சொல்லல?"

"கல்யாணப் பொண்ணாண்ட எதுக்குடி சாவுக் கதன்னாரு. அப்பறம் நீயும் கேக்கல."

கேட்கவில்லைதான். சட்டைக்குள் பாதி கையை நுழைத்தபடி நின்றவர், ஒரு தாயிடம் மகன் செத்ததைச் சொல்லிவிட்டு நேராக அங்கே வந்திருந்தார். அவரிடம்தான் நான் லீவு எப்போது என்று கேட்டேன்.

போன ஞாயிறு, நான்காவது ஞாயிறு. உடன் வேலை செய்யும் ஒரு பெண்ணிடம் 'இறந்துவிட்டார்' என்பதை இந்தியில் எப்படிச் சொல்ல வேண்டும் என்று கேட்டு, காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தேன். எட்டு மணியிலிருந்து அதைப் படித்துப் படித்துப் பார்த்தேன். தட்டில் இரண்டு இட்லி வைத்துச் சட்னி ஊற்றினேன். சாப்பிட முடியவில்லை. தாளைத் தேடி எடுத்தேன், மறுபடி வைத்தேன். ஒன்பது மணிக்குச் சரியாக அடித்தது.

எடுத்தேன்.

"உமேஷ் ஹாஜிர், சாப்!" மூன்று வாரக் கவலையையும் சேர்த்துக் கத்தினான். பின்னால் ஒரு குழந்தை ஏதோ கேட்டுக்கொண்டிருந்தது. பாத்திரங்கள் உருளும் சத்தம்.

"சாப் இல்ல. நான் பேட்டி" என்றேன். மகள் என்பதற்கு அந்த ஒரு சொல்தான் தெரியும்.

"தீதி! நமஸ்தே, தீதி. சாப் கஹா(ன்) ஹே?" அக்கா, சாப் எங்கே என்கிறான்.

தாள் கையிலேயே இருந்தது. எழுத்து ஒன்றும் கண்ணில் நிற்கவில்லை. வாயில் வந்தது, ஆலைக் கேட்டில் நைனாவிடம் கேட்டு மனதில் தங்கிப்போன இரண்டு சொல்தான்.

"கானா காயா?" என்றேன்.

அந்தப் பக்கம் சத்தம் நின்றது. கைலாஷின் அம்மாவிடம் நைனா அதையே திரும்பத் திரும்பக் கேட்டபோது கட்டிலில் கிடந்து கேட்டவன் அவன். யாரிடமோ அவன் மெல்ல ஏதோ சொல்ல, குழந்தையின் குரல் தள்ளிப் போனது.

"கப், தீதி?" எப்போது என்று கேட்டான்.

"ஏக் மஹினா." ஒரு மாதம்.

நான் அழத் தயாராக இருந்தேன். அவனும் அழுவான் என்றுதான் காத்திருந்தேன். அவன் அழவில்லை, கேட்டான்.

"ஆப்னே காயா, தீதி?"

நீங்கள் சாப்பிட்டீர்களா என்கிறான். தட்டைப் பார்த்தேன். அன்று அந்த இறுக்கமான சட்டையோடு நைனா கேட்டபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்ட கேள்வி.

"இல்ல" என்றேன். அவனுக்குப் புரிந்தது.

முதலில் சாப்பிடுங்கள், நான் இருக்கிறேன் என்றான்.

ஸ்பீக்கரில் போட்டு போனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டு இட்லியையும் சாப்பிட்டேன். ஏழெட்டு நிமிடம் ஆகியிருக்கும். அவன் பேசவும் இல்லை, வைக்கவும் இல்லை. கை கழுவிக்கொண்டு வந்து, சாப்பிட்டுவிட்டேன் என்று சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் இரண்டு பேரும் அழுதோம்.